மூன்றரை மீட்டர்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு டயாலிசிஸ் வேன் சந்துக்குள் நுழைந்தபோது அதன் இடப்பக்கக் கண்ணாடி பனிச்சுவரில் உரசியது. ஓட்டுநர் சுகா இறங்கி, உரசிய இடத்தைக் கையுறையால் துடைத்துப் பார்த்தார். உடையவில்லை. ஆனாலும் மிகாமியை ஏற்றுவதற்கு முன்பே, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"மிகாமி-சான், இன்னைக்கு எப்படியோ வந்துட்டேன், திரும்பியும் போயிருவேன். புதன்கிழமைக்கு வாக்கு குடுக்க முடியாது. கம்பெனி மூணரை மீட்டர் அகலம் கேக்குது. இங்க மூணுகூட இல்ல."

"கண்ணாடிய மடக்கிட்டு வாங்க."

"மடக்கிட்டு உள்ள வந்துருவேன். கடைசியில திரும்ப இடம் வேணுமே. உங்கள வச்சுக்கிட்டு நூத்தம்பது மீட்டர் பின்னாலயே போக எனக்கு அனுமதி கிடையாது."

"நாளைக்குப் பனி அள்ளுறாங்க. புதன்கிழமை வந்து பாருங்க, ரெண்டு வேன நிறுத்தி ஓட்டப்பந்தயம் விடலாம்."

"அள்ளட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றார் சுகா.

மிகாமிக்கு அறுபத்தெட்டு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; தனியாக இருப்பவர். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போன குளிர்காலத்தில் இதே சந்து குறுகி, வேன் வர முடியாமல், பெரிய சாலை வரை நடந்து போனவர் உறைந்த தரையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பனி உருகும்வரை இங்கேயே தங்கிவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கிவிட்டார்கள். ஏழு வாரம் கிடந்துவிட்டுத் திரும்பியபோது கால் சதை கரைந்திருந்தது. தன் வீட்டு மாடிப்படி ஏற அவருக்கு ஜூன் மாதம் ஆயிற்று. இந்த ஆண்டும் ஆஸ்பத்திரி அதையேதான் சொல்லியிருந்தது: ஒரு நாள் வேன் வர முடியாமல் போனாலும் உள்ளே சேர்த்துவிடுவோம். "இன்னொரு தடவை படுத்தா எந்திரிச்சு வர்றது நானா இருக்காது," என்று பக்கத்து வீட்டு ஹசேபே மிட்சுயோவிடம் மிகாமி ஒரே ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. மிட்சுயோவுக்கும் அது தேவைப்படவில்லை.

வட ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில் இருக்கும் அந்த நகரத்தில் இரவில் பனி கொட்டினால் மாநகராட்சியின் உழுவண்டி விடியுமுன் வந்து தெருவைத் திறந்துவிட்டுப் போகும். திறப்பது என்றால் பனியை இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்குவது. ஒதுக்கிய பனி எங்கும் போவதில்லை. டிசம்பரில் ஐந்தரை மீட்டர் இருக்கிற சந்து பிப்ரவரியில் மூன்றாகிவிடும். அந்தச் சுவர்களை உடைத்து லாரியில் ஏற்றி ஆற்றங்கரையில் கொட்டுவது குளிர்காலத்துக்கு ஒரே ஒருமுறை. அதில் பாதி மாநகராட்சியினுடையது, பாதி குடியிருப்போர் சங்கத்தினுடையது. செலவு மட்டுமல்ல, வேலையும் அப்படித்தான். எந்திரமும் லாரியும் அவர்கள் பொறுப்பு. அன்று காலை எட்டு மணிக்குள் சந்தில் ஒரு வண்டிகூட நிற்காமல் பார்த்துக்கொள்வது இவர்கள் பொறுப்பு. நின்றால், அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் பத்து மீட்டரை எந்திரம் விட்டுவிட்டுப் போய்விடும். திரும்பி வராது.

இந்தச் சந்துக்குக் கிடைத்த நாள் பிப்ரவரி ஏழு, செவ்வாய்க்கிழமை. சங்கத்தின் சார்பில் சந்தின் பனிக்குப் பொறுப்பாளர் மிட்சுயோ. முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தவர். அவர் பக்கத்து இருக்கையில் பிரேக் மேல் கால் வைத்து உட்கார்ந்திருக்க, வேர்த்து விறுவிறுத்து வண்டி பழகியவர்கள்தான் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர். அறுபத்து மூன்று வயதிலும் சங்கத் தலைவர் முதல் தபால்காரர் வரை அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று, திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மாநகராட்சிச் சாலைப் பிரிவிலிருந்து குரிபயாஷி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சிவப்பும் வெள்ளையுமாக அளவுகோல். மிட்சுயோவும் சங்கத் தலைவர் ஓனோதெராவும் அவரோடு சந்தின் வாயிலிலிருந்து உள்ளே நடந்தார்கள். ஓனோதெரா ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். எழுபத்தாறு வயது. கால அட்டவணையில் உள்ளது நடக்கும் என்று நம்பியே வாழ்ந்து பழகியவர்.

"இங்க ரெண்டு மீட்டர் எம்பது," என்றார் குரிபயாஷி.

"எம்பத்தஞ்சு," என்றார் மிட்சுயோ, நடந்துகொண்டே.

குரிபயாஷி கோலை நேராக வைத்து மறுபடி பார்த்தார். எண்பத்தாறு. "கண்ணுலயே டேப் வச்சிருக்கீங்களா டீச்சர்?"

"முப்பத்தொரு வருஷமா அடுத்தவங்க எங்க இடிக்கப்போறாங்கன்னு பாக்குறதுதான் தொழில். தானா வந்துரும்."

சந்து ஒரு முட்டுச்சுவரில் முடிந்தது. கடைசியில் ஒருபுறம் மிகாமியின் வீடும் மிட்சுயோவின் வீடும். எதிர்ப்புறம் தானிஃபுஜி வீடும், அதையடுத்து எட்டுக் குடித்தனம் கொண்ட இரண்டடுக்கு வாடகைக் கட்டடமும். கட்டடத்தின் மதிலோரம் நான்கு கார்கள். மூன்று தெரிந்தன. நான்காவது ஒரு பனிக்குன்று. பின்பக்க விளக்கு ஒன்று மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"இந்த நாலு வண்டிக்காரங்களுக்கும் நாளைக்கின்னு தெரியும்ல?" என்று குரிபயாஷி கேட்டார்.

"பலகை போயிருக்கு," என்றார் ஓனோதெரா.

பலகை என்பது சங்கத்தின் சுற்றறிக்கையைச் செருகிய அட்டை. ஒரு வீட்டில் படித்து, பெயருக்கு நேரே முத்திரை வைத்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும். சந்தின் பதினெட்டு வீடுகளில் கடைசி வீடு தானிஃபுஜி. வாடகைக் கட்டடத்துக்காரர்கள் சங்கத்தில் இல்லை. அதனால் பலகை அங்கே போகாது. ஆனால் தானிஃபுஜி வீட்டு மருமகள் அசுகா ஒவ்வொரு முறையும் அதைப் படியெடுத்து, எட்டுத் தபால் பெட்டிகளிலும் போட்டுவிடுவாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஆறு வருடமாக அப்படி நடந்து வந்தது.

"பலகை சுத்தி உங்ககிட்ட திரும்பி வந்துருச்சா தலைவரே?" என்றார் குரிபயாஷி.

"இல்லை. வரும். கடைசி வீட்டுல துக்கம். கொஞ்சம் தாமதம் ஆகும்தானே."

மிட்சுயோ நின்றுவிட்டார். பலகை தானிஃபுஜி வீட்டில் இல்லை.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மிகாமி அதை அவரிடம் கொடுத்தார். முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனபோது, கதவில் துக்க வீடு என்று எழுதிய வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. முதல் நாள்தான் அசுகாவின் மாமனார் இறந்திருந்தார். சாவு வீட்டுக் கதவைத் தட்டி, காரை எடுங்கள் என்கிற காகிதத்தை நீட்டுவதா என்று மிட்சுயோ வாசலிலேயே தயங்கினார். அந்த வீட்டைத் தாண்டித் தானே கட்டடத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு வீட்டைத் தாண்டுவது அதைவிட மரியாதைக்கேடு. இரண்டு நாள் போகட்டும் என்று திரும்பி வந்து செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். அடுத்த மூன்று நாளும் விடாமல் பனி. பலகையின் மேல் ஈரக் கையுறை வந்தது, அதன் மேல் தொப்பி வந்தது, அதன் மேல் கழுத்துத் துணி வந்தது. பிறகு அந்த இடத்தில் பலகை இருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

"தலைவரே, பலகை எங்கிட்ட இருக்கு," என்றார் மிட்சுயோ.

"என்னது?"

"செருப்பு அலமாரி மேல. பத்து நாளா. துக்க வீடுன்னு குடுக்காம வச்சேன், அப்புறம் மறந்துட்டேன். தப்பு என்னோடது. அந்த நாலு பேருக்கும் ஒண்ணும் தெரியாது."

ஓனோதெரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. "நாப்பது வருஷமா இந்தப் பலகை ஒரு நாள்கூட..."

"தெரியும். நாளைக்கு மதியத்துக்கு மேல எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, உக்காந்து கேக்குறேன். இன்னைக்கு நேரமில்ல."

"ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுவோம்," என்று ஓனோதெரா குரிபயாஷியின் பக்கம் திரும்பினார்.

"முடியாதுங்க. மார்ச் எட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு சந்து. உங்களத் தள்ளினா எட்டாம் தேதிக்கு அப்புறம்தான். அதுக்குள்ள பனியே தானா கரைஞ்சிருக்கும்." குரிபயாஷி தயங்கி, அதையும் சொன்னார்: "நாளைக்கு ராத்திரி முப்பது சென்டிமீட்டர் விழும்னு அறிவிச்சிருக்காங்க."

மிட்சுயோ மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டு இருபது. எட்டு மணிக்கு இன்னும் பதினேழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பலகையை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அசுகா திறந்தாள். நாற்பது வயது, பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. மிட்சுயோ இடுப்பு வளையக் குனிந்து துக்கம் விசாரித்தார். பிறகு பலகையை நீட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன், அசுகா-சான்."

அசுகா பலகையை வாங்கிக்கொண்டாள். உடனே படிக்கவில்லை. "மாமாவுக்குத் தொண்ணூத்தொரு வயசு. ராத்திரி நல்லா சாப்பிட்டுத் தூங்கினார், காலையில எந்திரிக்கல. நாங்க அழுது முடிச்சு அஞ்சு நாளாச்சுங்க. ஆனா பத்து நாளா ஒருத்தரும் கதவத் தட்டல. சங்கத்துல அவர் பேர்தானே இருக்கு, அவர் போனதோட எங்க வீட்டுப் பேரையும் அடிச்சுட்டாங்களோன்னு எம் புருஷன்கிட்டகூட கேட்டேன்."

மிட்சுயோ இன்னொரு முறை குனிந்தார். இந்த முறை சற்று அதிக நேரம்.

"போதுங்க டீச்சர், இடுப்பு பிடிச்சுக்கும்," என்று அசுகா சொல்லிவிட்டு, காகிதத்தைப் படித்தாள். "நாளைக்கா?" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நான்கு கார்களையும் பார்த்தாள். "செவப்பு, மேல் மாடி நர்ஸோடது. நைட் ஷிஃப்ட். இப்பத் தூங்குறா, நாலு மணிக்கு எந்திரிப்பா. சாம்பல் கலர், லாரி ஓட்டுறவரோடது. ஆறு மணிக்கு வருவார். வெள்ளை, கல்லூரிப் பொண்ணு. வீட்டுலதான் இருக்கா, பெல் அடிச்சா திறக்கமாட்டா. ஜன்னல்ல தட்டணும்."

"அந்தக் குன்று?"

"ஹிரோசாவா-சான். ஜனவரியிலயே ஒசாகாவுக்கு வேலையா போயிட்டார். மார்ச் கடைசிலதான் வருவார்."

சங்கத்தின் பதினெட்டு வீடுகளிலும் இதைத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆறு வருடமாகத் தபால் பெட்டிக்குள் காகிதம் போட்டவளுக்குத் தெரிந்திருந்தது.

ஓனோதெரா ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கட்டடத்துக்காரங்க சங்கத்துல ஒரு காசு போட்டதில்ல," என்றார். "இப்ப நாம அவங்க ஜன்னலத் தட்டிக் கெஞ்சணும்."

"சங்கத்துல இல்ல. சந்துல இருக்காங்களே தலைவரே," என்றார் மிட்சுயோ. "சரி, எடுக்கச் சொன்னா எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்க? அதையும் நாமதானே சொல்லணும்."

ஓனோதெரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய சாலைப் பக்கம் நடந்தார். அரைமணி கழித்துத் திரும்பியபோது கையில் நான்கு சீட்டுகள். சந்து முனையின் சூப்பர் மார்க்கெட் மேலாளரிடம் பேசி, அவர்களுடைய நிறுத்துமிடத்தில் நாளை மதியம் வரை நான்கு இடம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் தன் கையால் எண், நேரம், சங்கத்தின் முத்திரை. கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்று அடிக்கோடு.

"ரயில் டிக்கெட் மாதிரியே இருக்கு," என்றாள் அசுகா.

"நேரம் தாண்டினா செல்லாது," என்றார் ஓனோதெரா, சிரிக்காமல்.

ஆறரை மணிக்குள் மூன்று கார்களும் போய்விட்டன. நர்ஸ் தன் காரை எடுத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனாள். மிச்சம் ஹிரோசாவாவின் குன்று. அலுவலக நேரம் முடிந்த பிறகும் குரிபயாஷி போகவில்லை. வாடகை முகவரை அவர் தன் கைபேசியில் பிடித்தார். முகவர் எண்ணைத் தர மறுத்தார். மாநகராட்சி கேட்கிறது என்றதும், அசுகாவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தானே ஹிரோசாவாவைக் கூப்பிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பத்து நிமிடத்தில் அசுகாவின் கைபேசி அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ரொம்ப மன்னிச்சிருங்க," என்றது ஒசாகாவிலிருந்து குரல். "சாவி என் பையிலதான் இருக்கு. கண்ணாடிய வேணா உடைச்சுத் தள்ளிடுங்க."

"உடைச்சாலும் நகராது. கியர் எதுல இருக்கு?" என்றார் மிட்சுயோ.

"பார்க்கிங்ல. கைப்பிரேக் போடல. குளிர்ல உறைஞ்சு ஒட்டிக்கும், கியர்லயே பூட்டி வச்சுட்டுப் போகணும்னு பயிற்சிப் பள்ளியில சொல்லிக் குடுத்தாங்க."

"எந்தப் பள்ளி?"

"ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குல்லங்க."

ஓனோதெரா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "டீச்சர், பையன் பாடத்த நல்லாத்தான் கேட்டிருக்கான்."

"நூத்துக்கு நூறு," என்றார் மிட்சுயோ. "வைங்க ஹிரோசாவா-சான், உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

குரிபயாஷி அந்தக் குன்றிலிருந்து இருபுறமும் பத்து மீட்டர் அளந்தார். ஒருபுறம் முட்டுச்சுவர் வரை போயிற்று. மறுபுறம் மிட்சுயோவின் வாசல் வரை. மிகாமியின் வீட்டு முன்புறம் முழுக்க அதற்குள். வேன் உள்ளே வரலாம், திரும்ப முடியாது.

"அந்தப் பத்து மீட்டர் எதுக்கு?" என்று மிட்சுயோ கேட்டார்.

"எந்திரம் பனிய வாரி லாரிக்குள்ள வீசும்போது கட்டியும் கல்லும் தெறிக்கும். வண்டிமேல பட்டா நாங்க பதில் சொல்லணும்."

"அப்ப அது எந்திரத்துக்கான தூரம். கையில மண்வெட்டி வச்சிருக்கிறவங்களுக்கு எத்தனை மீட்டர்?"

குரிபயாஷி யோசித்தார். "அதுக்கு விதி எழுதல. ஆனா இன்னொரு விதி இருக்குங்க. அள்ளுற அன்னைக்கு யாரும் பனிய நடுத்தெருவுக்குக் கொண்டு வரக் கூடாது. விட்டா எல்லாரும் தோட்டத்துப் பனிய எல்லாம் கொண்டுவந்து கொட்டிருவாங்க. லாரி பத்தாது."

"தோட்டத்துப் பனி எங்களோடது. சரி. இந்தச் சுவரு யாரோடது? டிசம்பர்லேருந்து உங்க உழுவண்டி ஒதுக்கி வச்சது. தெருப் பனி. உங்களால எடுக்க முடியாத இருபது மீட்டர நாங்க கையால நடுவுக்குக் கொண்டுவந்து போடுறோம். அங்கிருந்து எந்திரம் எடுக்கட்டும்."

குரிபயாஷி சற்றுத் தள்ளிப் போய்த் தன் மேலதிகாரியோடு பேசினார். "ஆமாங்க... தெருப் பனிதான்... இல்லங்க, நான் நின்னு பாத்துக்குறேன்... எம் பேர்லயே எழுதிக்கோங்க," என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து, வண்டிப் பெட்டியிலிருந்து சிவப்புக் கொடிகளை எடுத்துச் சுவரின் அடியில் நட்டார்.

"கொடிக்குள்ள இருக்கிறது மட்டும். ஒரு வீட்டு வாசலுக்குள்ளேருந்து ஒரு கூடை வந்தாலும் நிறுத்திருவேன். ஒம்போது மணிக்குச் சந்து முனையில ஆரம்பிப்பாங்க, பத்தரைக்கு இங்க வருவாங்க. நாப்பது கன மீட்டர் இருக்கும். இருபது பேராவது வேணும்."

"வருவாங்க," என்றார் மிட்சுயோ.

அவர் கடைசியாகப் போனது மிகாமியிடம். மிகாமி உப்பில்லாத நூடுல்ஸைக் கிண்டியபடி முழுக் கதையையும் கேட்டார்.

"ஆக, இவ்வளவு வருஷம் அத்தனை பேருக்கும் பின்னால பாரு, பக்கத்துல பாருன்னு சொல்லிக் குடுத்துட்டு, உங்க செருப்பு அலமாரிய நீங்க பாக்கல."

"பாக்கல."

"ஆஸ்பத்திரியில இப்பவே படுக்கைய விரிச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். புதன்கிழமை ஏழே முக்காலுக்குத் தயாரா இருங்க."

மிகாமி அவர் முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு கனத்த கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் வேலையில் இருந்தபோது பயன்படுத்தியது. "அடியில பனி இல்ல, ஐஸ் கட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டி வளையும். இத வச்சுக்கோங்க. நானும் வரட்டுமா?"

"நீங்க வந்தா உங்களையும் சேத்து லாரியில ஏத்திருவாங்க."

மறுநாள் ஒன்பது மணிக்குச் சந்து முனையில் எந்திரம் உறும ஆரம்பித்தபோது, கொடிக்குள் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். முந்தின இரவு ஆள் கூப்பிட அசுகா மூன்று வீடுகளுக்குப் போனாள்; அந்த மூன்று வீட்டாரும் ஆளுக்கு இரண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். நர்ஸ் இரவு வேலை முடிந்து சீருடைக்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டி வந்திருந்தாள். லாரி ஓட்டுபவர் அரைநாள் விடுப்பு. கல்லூரிப் பெண் யாரிடமும் பேசாமல், முறம் போன்ற பெரிய தள்ளுவாரியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நின்றாள். ஓனோதெரா பழைய ரயில் விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தார். எந்திரத்துக்கும் ஆட்களுக்கும் நடுவே தூரம் குறைந்தால் ஊதுவது அவர் வேலை.

வெட்டுபவர்கள் சுவரை மேலிருந்து செதுக்கினார்கள். தள்ளுபவர்கள் வாரி நடுத்தெருவில் நீளக் குவியலாகப் போட்டார்கள். ஹிரோசாவாவின் காரைச் சுற்றி ஒரு முழத்துக்குள் மரப்பலகையால் மட்டுமே சுரண்ட வேண்டும் என்று மிட்சுயோ சொல்லியிருந்தார். மெல்ல மெல்ல ஒரு நீலக் கூரை வெளியே வந்தது.

அரை மணியில் ஒருவர் மாட்டினார். பதிமூன்றாம் வீட்டு யோஷிசாவா, வழக்கத்துக்கு மாறாக மிக வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய பனி சுவரில் இருந்ததுபோல் பழுப்பாக இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

"யோஷிசாவா-சான், இது எந்த ஊர்ப் பனி?" என்று மிட்சுயோ கேட்டார்.

"தெருப் பனிதான் டீச்சர்."

"தெருவுல ஊசியிலை மரம் வச்சிருக்கோமா? உள்ள பச்சையா கிடக்குதே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யோஷிசாவாவும் தன் தள்ளுவாரியைப் பார்த்தார். "வழி தப்பி வந்துருச்சு போல."

"வந்த வழியிலயே கூட்டிட்டுப் போங்க. நம்ம பேச்ச நம்பித்தான் அவரு தன் பேர எழுதிக் குடுத்திருக்காரு."

யோஷிசாவா திருப்பிக்கொண்டு போனார். குரிபயாஷி வேறு பக்கம் பார்த்தபடி தன் காகிதத்தில் எதையோ குறித்தார். எந்திரத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு எந்திரம் முதல் கொடியை எட்டியது. மிகாமியின் வாசலுக்கு எதிரே இன்னும் ஒரு மேடு மிச்சமிருந்தது. இரண்டு மீட்டர் நீளம், முழங்கால் உயரம். பனி அல்ல, டிசம்பர் மழையில் நனைந்து உறைந்த கட்டி. கட்டடத்து லாரி ஓட்டுநர் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மணி அடித்தது போல் ஓசைதான் வந்தது.

எந்திரத்தின் மேற்பார்வையாளர் இறங்கி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பதினொன்னுக்கு அடுத்த சந்து. கட்டிய எந்திரம் வாங்காது, பல்லு போயிரும். இத விட்டுட்டுப் போறேன்."

"உடைச்சுக் குடுத்தா?" என்றார் மிட்சுயோ.

"எப்ப உடைப்பீங்க?"

குரிபயாஷி நடுவில் வந்தார். "இப்ப நிக்கிற லாரி ரொம்பியாச்சு. அது வெளிய போயி அடுத்தது உள்ள வர எத்தனை நிமிஷம்?"

"இந்தச் சந்துல பின்வாங்கி வரணும். எட்டு நிமிஷம்."

"அந்த எட்டு நிமிஷம் உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. அவங்களுக்கு இருக்கு."

மேற்பார்வையாளர் மேட்டையும் ஆட்களையும் பார்த்துவிட்டு, லாரியைப் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

மிட்சுயோ கட்டியின் மேல் குனிந்து உட்கார்ந்து கையுறையால் தடவினார். வேன் சக்கரங்கள் மாதக்கணக்கில் உரசிப் போன ஓரத்தில் ஒரு பள்ளமான கோடு இருந்தது. "நடுவுல போடாதீங்க. இந்தக் கோட்டுல போடுங்க, ஒரு சாணுக்கு ஒண்ணு." லாரி ஓட்டுபவர் கடப்பாரையை அங்கே இறக்கினார். மூன்றாவது அடியில் ஓசை மாறியது. ஐந்தாவதில் கட்டி நீளவாக்கில் பிளந்தது. பிறகு யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. தலையளவுத் துண்டுகளைக் கையாலேயே தூக்கி நடுவில் வைத்தார்கள். இரண்டு பேர் மண்வெட்டி முனையால் அவற்றைப் பொடித்தார்கள். நர்ஸ் குனிந்து நிமிர்ந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் "போதும், போய்த் தூங்கும்மா" என்றார். அவள் "இத முடிச்சுட்டு" என்றாள். லாரி பின்வாங்கும் எச்சரிக்கை ஒலி கேட்டதும் ஓனோதெரா விசிலை ஊதினார். அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். எந்திரம் முன்னே வந்து, நடுவில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது.

ஹிரோசாவாவின் நீலக் காருக்கும் மிகாமியின் வாசலுக்கும் இடையே குரிபயாஷி கோலைப் போட்டார். "டீச்சர், சொல்லுங்க பாப்போம். எவ்வளவு?"

"அளந்து எழுதுங்க," என்றார் மிட்சுயோ. "இந்த வாரம் என் கண்ண யாரும் நம்ப வேண்டாம்."

நான்கு மீட்டர் இருபது. முட்டுச்சுவரோரம் ஐந்து முப்பது.

கலைவதற்கு முன் ஓனோதெரா நர்ஸின் அருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த குளிர்காலத்துக்கு உங்க கட்டடத்துலேருந்து ஒருத்தர் சங்கக் கூட்டத்துக்கு வந்தா நல்லா இருக்கும்."

"நைட் ஷிஃப்ட் இல்லாத நாள்ல வச்சா வர்றேன்," என்றாள் அவள்.

"அட்டவணைய அனுப்புங்க. அதுக்குத் தக்க வைக்குறேன்."

அன்றிரவு சொன்னபடியே பனி கொட்டியது. விடியுமுன் உழுவண்டி வந்து அதை இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்கிவிட்டுப் போனது. ஒதுக்க இப்போது ஓரம் இருந்தது. ஏழே முக்காலுக்கு சுகாவின் வேன், கண்ணாடியை மடக்காமலே உள்ளே வந்தது. கடைசியில் முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை என்று திரும்பி, மிகாமியின் வாசலில் முகப்பைப் பெரிய சாலைப் பக்கம் வைத்து நின்றது.

மிகாமி கைத்தடியோடு வெளியே வந்தார். சுகா தோள் கொடுக்க நீட்டிய கையை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஆறு அடி தானே எடுத்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

"வெள்ளிக்கிழமையும் இதே நேரம்தானே?" என்று உட்கார்ந்துகொண்டே கேட்டார்.

"இதே நேரம்தான்," என்று சொல்லி, சுகா கதவைச் சாத்தினார்.